கைவினைப் பகுதி: பழைய மேற்கூடும் பந்தய அடிச்சட்டமும்

வீட்டிலுள்ள பெரியோரும் சிறுவரும் ஓய்வு நேரத்தில் ஒன்றாக அமர்ந்து செய்யத்தக்க கைவேலைகளை இப்பகுதியில் மாதந்தோறும் கூறி வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொண்ட வேலை சற்றுக் கடினமானது. கைப்பழக்கத்தை மட்டுமின்றிக் கணக்கையும் பொறுமையையும் அது கேட்கும். பழங்கால அமெரிக்கப் பிக்கப் லாரி ஒன்றின் சிற்றுருவத்தை எடுத்து, அதன் சொந்த அடிச்சட்டத்தை நீக்கிவிட்டு, பந்தயக் கார் ஒன்றின் அடிச்சட்டத்தை அதற்குப் பொருத்துவதே அந்த வேலை.

பிக்கப் என்றால் யாது என்று நம் அன்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னால் இருவர் மூவர் அமரும் கேபின், பின்னால் திறந்த சரக்குத் தொட்டி. தமிழ்நாட்டில் குட்டியானை என்றும், நாம் இப்போது வாழும் வடபுலத்து நகரங்களில் சோட்டா ஹாத்தி என்றும் செல்லப் பெயர் பெற்ற சிறு வண்டியும் இக்குலத்தைச் சேர்ந்ததே. வீடு மாற்றும்போது நம் தட்டுமுட்டுச் சாமான்களை அதில் ஏற்றாத குடும்பம் நம்முள் அரிது. அமெரிக்காவில் இவ்வினத்து வண்டிகளுள் பெரும்புகழ் பெற்றது ஃபோர்டு எஃப்-100. ஃபோர்டு நிறுவனம் தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைந்த 1953-இல் அது வெளிவந்தது. உருண்டு தடித்த மட்கார்டுகளும் அகன்ற பானெட்டும் கொண்ட அதன் தோற்றம் பழைய வண்டிப் பிரியர்களின் மனத்தை விட்டு இன்றளவும் அகலவில்லை.

இவ்வண்டியின் சிற்றுருவப் பெட்டியை அமெரிக்காவின் ஏ.எம்.டி. நிறுவனம் 1/25 என்ற அளவில் வெளியிட்டது. பின்னர்ப் பலமுறை மறுவெளியீடும் செய்தது. பெட்டியில் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கில் வார்த்த உறுப்புகள் இருக்கும். அவற்றைப் பிரித்து, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி வண்டியாக்குவது நம் பொறுப்பு. 1958-ஆம் ஆண்டு தொட்டு அந்நிறுவனம் வெளியிட்ட கார்ப் பெட்டிகளில் மூன்று வகைக்கான உறுப்புகள் சேர்ந்தே வந்தன: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி ஒன்று, தனி அலங்காரத்தோடு ஒன்று, பந்தய வண்டியாக ஒன்று. எஞ்சும் உறுப்புகளைச் சிறுவர்கள் பழைய பிஸ்கட் டப்பாக்களில் சேர்த்து வைத்தனர். ஒரு பெட்டியின் மேற்கூட்டை இன்னொரு பெட்டியின் அடிச்சட்டத்தில் ஏற்றிப் பார்க்கும் ஆசை அங்கிருந்து பிறந்தது இயல்பே. இத்தொழிலுக்குக் ‘கிட்பாஷிங்’ என்று பெயர்.

பந்தய அடிச்சட்டம் என்று இங்கே நாம் குறிப்பது நாஸ்கார் வகையை. நாஸ்கார் என்பது 1948-இல் ஃபுளோரிடா மாநிலத்து டேடோனா பீச் நகரில் நிறுவப்பெற்ற அமெரிக்கப் பந்தயக் கழகம். தொடக்கத்தில் கடையில் வாங்கிய கார்களே அதில் ஓடின. காலப்போக்கில் இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூண்டு ஒன்றை அடிச்சட்டத்தோடு இணைத்துக் கட்டி, அதன் மீது தகட்டாலான மேற்கூட்டைப் போர்த்தும் முறை நிலைபெற்றது. 1995-இல் அதே கழகம் பிக்கப் லாரிகளுக்கென்றே தனிப் பந்தய வரிசை ஒன்றைத் தொடங்கிற்று. ஆகவே பந்தய அடிச்சட்டத்தின் மேல் பிக்கப் உருவம் என்பது வெறும் விளையாட்டுக் கற்பனையன்று. பெரிய உருவில் மெய்யாகவே ஓடிக்கொண்டிருப்பது.

மற்றொரு செய்தி இதனினும் சுவையானது. அக்காரின் பின்னச்சை அடிச்சட்டத்தோடு பிணைப்பவை இரண்டு நீண்ட இரும்புக் கைகள். ‘டிரக் ஆர்ம்’, அதாவது லாரிக் கை, என்பது அவற்றின் பெயர். 1960-களில் வந்த ஷெவர்லே பிக்கப் லாரியின் பின்னச்சு அமைப்பைத் தழுவியவை அவை என்பதே பெயர்க் காரணம். நாஸ்காரின் முதன்மைப் பந்தயக் கார்களில் 2021-ஆம் ஆண்டு முடிய இவ்வமைப்பு இருந்தது. 2022-இல் வந்த புதிய காரில்தான் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்பு புகுந்தது. பழைய லாரிக்குப் பந்தய அடிச்சட்டம் அந்நியம் என்று முகஞ்சுளிப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். அந்த அடிச்சட்டம் தன் உறுப்பொன்றை லாரியிடமிருந்தே பெற்றது.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு பெட்டிகளும் மேசைமேல் இருக்கின்றன. கையில் மெல்லிய ரம்பமும் இருக்கிறது. முதலில் என்ன செய்வது? ரம்பத்தைக் கீழே வைப்பதுதான். இவ்வேலையில் கெடுதல் வருவது பெரும்பாலும் கை தவறியதனால் அன்று; எது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் அறுக்கத் தொடங்கியதனால்தான். மேற்கூடும் அடிச்சட்டமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத இடத்தில் ஏதேனும் ஒன்று குறைந்தே ஆகவேண்டும். எதைக் குறைப்பது? இக்கேள்விக்கு விடை கண்டவனுக்குப் பாதி வேலை முடிந்தது.

நமது விடை இது: அடிச்சட்டம் விட்டுக்கொடுக்கட்டும், மேற்கூட்டின் வெளிப்புறம் அப்படியே நிற்கட்டும். ஒரு வண்டியை 1953 ஃபோர்டு என்று கண்டவர் கூறுவது அதன் முகத்தையும் மட்கார்டின் வளைவையும் கேபினுக்கும் தொட்டிக்கும் உள்ள விகிதத்தையும் பார்த்துத்தான். அவ்விகிதம் சிறிது குலைந்தாலும் அது வேறு ஏதோ ஒரு லாரியாகிவிடும். அடிச்சட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர் குறைந்ததை, வண்டியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கூட எளிதில் அறியமாட்டார். பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வருவன. சுங்கவரியும் தபால் செலவும் சேர்ந்து விலை கூடுவன. கெட்டுப்போன மேற்கூட்டுக்கு மாற்று வேண்டுமானால் இன்னொரு பெட்டியே வாங்க நேரிடும். அடிச்சட்டத்தில் நேர்ந்த தவற்றைப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் சரிக்கட்டலாம்.

அடுத்தது கணக்கு. முன்னச்சின் நடுவிலிருந்து பின்னச்சின் நடு வரையுள்ள நீளத்தைச் சக்கர இடைத்தூரம் என்று வைத்துக்கொள்வோம். 1953 எஃப்-100-இன் இடைத்தூரம் 110 அங்குலம். நாஸ்கார் முதன்மைக் கார்களுக்கு 1981 முதல் விதிக்கப்பெற்ற இடைத்தூரமும் 110 அங்குலமே! இரண்டும் ஒன்றாயிருப்பதைக் கண்டு, அறுக்கும் வேலையே இல்லை என்று மகிழ்ந்துவிடலாகாது. லாரிப் பெட்டி 1/25 அளவு. மானோகிராம் நிறுவனம் வெளியிட்ட நாஸ்கார் பெட்டிகளோ 1/24 அளவு. 110 அங்குலம் என்பது 2,794 மில்லிமீட்டர். அதனை 25-ஆல் வகுத்தால் 111.8; 24-ஆல் வகுத்தால் 116.4. வித்தியாசம் ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர்.

இவ்விரண்டு அளவுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடு நூற்றுக்கு நான்குதான். தனித்தனியே இரு வண்டிகளை அலமாரியில் வைத்தால் இதனைக் கண் அறியாது. ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்னும்போதுதான் அது வெளிப்படுகிறது. முன்சக்கரத்தை மட்கார்டின் வளைவுக்கு நடுவே நிறுத்தினால், பின்சக்கரம் தன் வளைவின் பின்விளிம்பை நோக்கி ஒதுங்கி நிற்கும்.

வழிகள் மூன்று உண்டு. முதலாவது, 1/25 அளவிலேயே வந்த நாஸ்கார் பெட்டியைத் தேடிப் பெறுவது, ஏ.எம்.டி. அவ்வளவில் சிலவற்றை வெளியிட்டுள்ளது. இரண்டாவது, மேற்கூட்டை மாற்றிக்கொள்வது. எஃப்-100-க்கு முன்னர், 1948 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு எஃப்-1 லாரியின் இடைத்தூரம் 114 அங்குலம். 1/24 அளவு அடிச்சட்டத்தின் 116.4 மில்லிமீட்டரை 1/25 அளவில் திருப்பிக் கணக்கிட்டால் 114.6 அங்குலம் வருகிறது. ஆகவே 1/25 அளவு எஃப்-1 மேற்கூட்டின் கீழே அந்த அடிச்சட்டம் கணக்குப்படி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பொருந்திவிடும்! ஒரு தாளும் பென்சிலும் ரம்பத்தின் வேலையை மிச்சப்படுத்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மூன்றாவது வழி, கையில் உள்ள 1/24 அடிச்சட்டத்தைக் குறுக்குவது. நமக்குக் கிடைத்ததைக் கொண்டு நடத்த வேண்டியிருப்பதால் இதனையே விரிவாகக் கூறுகிறோம். ஆயினும் கணக்கை மட்டும் நம்பாமல், இரு பெட்டிகளின் உறுப்புகளையும் வெர்னியர் காலிப்பர் கொண்டு நேரில் அளந்த பின்னரே கோடு கிழிக்க வேண்டும். அச்சு வார்ப்பில் சிறு வேறுபாடுகள் இருத்தல் இயல்பு.

அடிச்சட்டத்தின் நடுப்பகுதியில், இருபுறத்துச் சட்டங்களும் நேராக ஓடும் இடமே அறுப்பதற்கு ஏற்றது. அங்கே மூலைமட்டம் வைத்து 4.7 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் கிழிக்கவும். கோட்டின் மேலேயே அறுத்தல் கூடாது. ரம்பத்தின் பல் தின்னும் பொடியும் அளவில் சேரும். நீக்கப்போகும் துண்டின் பக்கமாகச் சற்றுத் தள்ளி அறுத்து, பின்னர் அரத்தாலும் உப்புத்தாளாலும் கோடு வரை தேய்த்து வரவும். இரண்டு பாதிகளையும் கண்ணாடிப் பலகை ஒன்றின்மேல் வைத்துச் சேர்க்கவும். சமதளத்துக்குக் கண்ணாடியைவிட எளிதில் கிடைக்கும் துணை வேறில்லை. சட்டத்தின் உட்புறத்தில், மூட்டுக்கு இருபக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளும்படி பிளாஸ்டிக் பட்டையை ஒட்டினால் மூட்டு வலுப்பெறும். பாலிஸ்டைரீனுக்குரிய பசை அதனைச் சிறிது கரைத்து ஒன்றாக உருக்கிவிடுவது. ஆகவே ஒருநாள் முழுதும் தொடாமல் உலர விடவேண்டும்.

பசை உலருமுன் ஓர் அளவு பார்த்தல் இன்றியமையாதது. கடைக்கால் எடுக்கும் கொத்தனார் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பதை நம்மில் பலர் கண்டிருக்கலாம். அதுபோலவே முன்னச்சின் இடமுனையிலிருந்து பின்னச்சின் வலமுனை வரையும், வலமுனையிலிருந்து இடமுனை வரையும் அளக்கவும். இரண்டும் சமமானால் அச்சுகள் நேர். சமமில்லையேல் வண்டி நண்டுபோல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். இயந்திரத்திலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டையும், அதனருகே ஓடும் புகைக்குழாய்களையும் அதே 4.7 மில்லிமீட்டர் குறைக்க மறவற்க.

நீளம் முடிந்தபின் அகலமும் உயரமும் உள்ளன. பந்தயச் சக்கரங்கள் அகன்றவை; லாரியின் மட்கார்டைத் தாண்டி அவை வெளியே துருத்தக்கூடும். அப்போது மட்கார்டின் வெளிவிளிம்பைத் தொடாமல் உட்புறத்தை மட்டும் சுரண்டி மெல்லியதாக்கவும். அதுவும் போதாதாயின் அச்சின் இரு முனைகளிலும் சம அளவு குறைக்கவும். பந்தயக் காரின் குழாய்க்கூண்டு அகன்ற காருக்கென்று அமைந்தது. லாரியின் குறுகிய கேபினுக்குள் அப்படியே நுழையாது. அதனை அறுத்து ஒட்டுவதைவிடப் புதிதாகக் கட்டுவதே அழகு. மெய்யான கூண்டின் முதன்மைக் குழாய் ஒன்றேமுக்கால் அங்குல விட்டம் உடையது. 1/25 அளவில் அது 1.8 மில்லிமீட்டர். அந்தப் பருமனுள்ள பிளாஸ்டிக் கம்பியை இளஞ்சூட்டில் வளைத்துக்கொள்ளலாம். சரக்குத் தொட்டியின் தரையோ பின்னச்சின்மேல் இடிக்கும். அத்தரையை நீக்கி, சற்று உயர்த்திப் புதுத் தகடு ஒன்றைப் பரப்பி, பலகைகளின் இடைக்கோடுகளைக் கீறிவிட்டால் பழைய மரத்தளமாகவே தோன்றும். தொட்டியின் வெளிப்பக்கங்களில் யாதொரு மாறுதலும் வேண்டா.

வண்ணம் பூசுவதில் நாம் வாழும் ஊரின் தட்பவெப்பத்தை நோக்க வேண்டும். பம்பாயிலும் கல்கத்தாவிலும் மழைக்காலத்து ஈரக் காற்றில் லாக்கர் வண்ணம் தெளித்தால் வெண்மை படர்ந்து மங்கும். வானம் வெளுத்த நாளுக்குக் காத்திருப்பதே வழி. டில்லியின் மே மாத வெயிலிலோ, தெளித்த வண்ணம் மேற்பரப்பை அடையுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். அங்கே அதிகாலை நேரமே உகந்தது. சக்கரங்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை: வினைல் டயர்கள் நாளடைவில் பிளாஸ்டிக் சக்கரத்தை அரித்து ஒட்டிக்கொள்வதுண்டு. இரண்டுக்கும் இடையே மெல்லிய அலுமினியத் தாளைச் சுற்றி வைத்தல் நலம்.

இவ்வேலையைச் சிறுவரிடம் தனியே ஒப்படைத்தல் தகாது. கத்தியும் ரம்பமும் பெரியவர் கையில் இருக்கட்டும். அளத்தல், கோடு கிழித்தல், தேய்த்தல், மூலைக்கு மூலை சரிபார்த்தல் ஆகியவை பிள்ளைகளுடையன. பசையும் வண்ணமும் வீசும் ஆவி தீங்கானது. ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்பின் மூடிய அறையைத் தவிர்த்து, பால்கனியிலோ திறந்த சன்னலருகிலோ அமரவேண்டும். அடுப்பெரியும் இடத்தருகே கூடவே கூடாது. பள்ளியில் பின்னங்களைக் கண்டு அஞ்சும் சிறுவனுக்கு, 25-ஆல் வகுப்பதும் 24-ஆல் வகுப்பதும் ஒரு லாரியின் சக்கரத்தை எங்கே நிறுத்துகின்றன என்பதைக் கண்ணெதிரே காட்டுவது எத்துணைப் பயன்! தாய்மொழியில் எண்ணும் அளவும் சொல்லிப் பழகவும் இது ஒரு வாய்ப்பு. மூலைமட்டம், அரம், உப்புத்தாள் என்னும் சொற்கள் வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளின் காதில் விழுவதே அரிதாகி வருகிறதன்றோ?

பழைய வண்டியைப் பழையபடியே செய்து வைப்பதுதானே முறை, அதில் புதியதைப் புகுத்துவது பிழையன்றோ என்று கேட்போர் உண்டு. அவர்கள் கூற்றிலும் நியாயம் இருக்கிறது. 1960-களில் அச்சான பெட்டி ஒன்று பிரிக்கப்படாமல் ஒருவர் கையில் இருக்குமாயின் அதனை அறுக்கத் துணிதல் வேண்டா. அது போற்றிக் காக்கத்தக்க பொருள். மறுவெளியீட்டுப் பெட்டியைக் கொண்டு செய்வதில் குற்றமில்லை.

மேலும், பழையதில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்னும் கேள்வி ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் இல்லங்களுக்குப் புதியதன்று. கோயம்புத்தூரில் 1950-களில் உருவான வெட் கிரைண்டரை நோக்குக. பாட்டியார் ஆட்டிய ஆட்டுக்கல்லில் கல் கல்லாகவே நின்றது. சுழற்றிய கையின் இடத்தில் மின்மோட்டார் வந்தது. மாவின் பதமும் இட்டிலியின் மென்மையும் மாறாமலிருப்பது கல்லை மாற்றாததனால். கல்லை எறிந்துவிட்டுக் கையை வைத்துக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு பொருள் எதனால் அப்பொருளாக இருக்கிறதோ அதனை நிறுத்திக்கொண்டு, அதனைச் சுமப்பதையும் ஓட்டுவதையும் காலத்துக்கேற்ப மாற்றிக்கொள்வதே அறிவுடைமை. நம் தொழிலும் வீடும் தெருவில் பேசும் மொழியும் மாறியுள்ளன. எவை மாறலாகாதவை என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே அளந்து கோடு கிழித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மேசைமேல் இருக்கும் சின்னஞ்சிறு லாரியில் அதனை ஒருமுறை செய்து பழகுவதும் நன்மையே.

வேலை முடிந்தபின் ஒரு சிறு கடமை உண்டு. தொட்டியின் அடியில், கண்ணுக்கு மறைவான இடத்தில், மேற்கூடு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது, அடிச்சட்டம் எந்தப் பெட்டியினது, எத்துணை மில்லிமீட்டர் குறைக்கப்பட்டது, செய்தவர் யார் யார், எந்த ஆண்டு என்பவற்றை நுண்ணிய பேனாவால் தமிழில் எழுதி வைக்கவும். அறுத்தெடுத்த 4.7 மில்லிமீட்டர்த் துண்டுகளையும் எறியாமல் டப்பாவில் போட்டு வைக்கவும். அடுத்த வண்டிக்கு அவை தேவைப்படும்.